கடைசி இரண்டாயிரம் கிலோமீட்டர்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



மலாக்காவிலிருந்து மூவாருக்குப் போகும் பழைய கடலோரச் சாலையில் அலாய், பெர்ணு, உம்பாய், செர்க்காம், மெர்லிமாவ் என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். உம்பாய் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சுட்ட மீன்தான் நினைவுக்கு வரும். சனிக்கிழமை மாலை அந்த மீன் கடைகளின் முன்னால் நிற்கும் பெரிய மோட்டார் சைக்கிள்களைப் பாருங்கள். ஜொகூர் எண், கோலாலம்பூர் எண், சிங்கப்பூர் எண் எல்லாம் இருக்கும். சுற்றி நிற்கிறவர்கள் இயந்திரத்தைப் பார்ப்பார்கள், புகைக்குழாயைப் பார்ப்பார்கள், பின்னால் மாட்டியிருக்கும் பெட்டியைக் கூடத் தட்டிப் பார்ப்பார்கள். குனிந்து பின் டயரைப் பார்க்கிறவர் குறைவு. குனிந்தவர் கண்ணில் பல வண்டிகளில் படுவது ஒரே காட்சிதான். நடுவில் வழுக்கை, இரண்டு ஓரங்களிலும் நேற்று வாங்கியது போன்ற புத்தம் புதுப் பூ.

டயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளக் கோலத்தை மலாய்மொழியில் 'புங்ஙா' என்பார்கள். பூ என்று பொருள். பூ உதிர்ந்து போனால் அது 'போத்தாக்', அதாவது மொட்டை. நல்ல சொற்கள். இந்த உரையிலும் பூ என்றே சொல்லிக்கொள்வோம்.

பட்டறையில் டயர் மாற்ற வந்து நிற்கும் இளைஞர் முதலில் கேட்கும் கேள்வி நேயர்கள் அனைவருக்கும் தெரிந்ததுதான். "அண்ணே, இது எத்தனை ஆயிரம் ஓடும்?" பட்டறைக்காரரும் சளைக்காமல் பதில் சொல்வார். "தம்பி, இது பத்தாயிரம். அது பன்னிரண்டு. காசு கொஞ்சம் கூடப் போட்டா பதினைந்து." பேரம் அதோடு முடிந்துவிடும். மழையில் பிரேக் பிடித்தால் எங்கே போய் நிற்கும் என்று இருவரில் ஒருவர்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். பாதி தேய்ந்த பிறகு மழையில் எப்படி நிற்கும் என்ற கேள்வியோ எழவே எழாது. உண்மையில் கேட்க வேண்டியது அந்தக் கடைசிக் கேள்விதான்.

ஸ்போர்ட் டூரிங் டயர் என்ற வகையே ஒரு சமரசம். பந்தயத் திடலை மனத்தில் வைத்துச் செய்த மென்மையான டயர் சாலையை நன்றாகப் பிடிக்கும், ஆனால் பின் சக்கரத்தில் ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும். நெடும்பயணத்துக்காகச் செய்த கடினமான டயர் பதினைந்தாயிரத்தையும் தாண்டும், ஆனால் வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது நம்பிக்கை தராது. இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் ஸ்போர்ட் டூரிங். பின் டயர் பொதுவாகப் பத்தாயிரத்தை ஒட்டி ஓடும். சுமை, சாலை, ஓட்டுகிறவரின் கை ஆகியவற்றைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். முன்பெல்லாம் இது ஆயிரம் சிசி வண்டிக்காரர்களின் சங்கதியாக இருந்தது. இப்போது அப்படியில்லை. பஜாஜின் டொமினார் மொடெனாஸ் பெயரோடு மலேசியாவில் விற்பனைக்கு வந்தது. 250 சிசி, 300 சிசி வண்டிகள் பெருகின. பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் இளைஞரும் இந்த வகை டயரைத் தேடுகிறார்.

பாட்டன் வெட்டிய பால்

டயர் பற்றிப் பேசுவதற்கு மலாக்காவை விடப் பொருத்தமான இடம் அதிகம் இல்லை. சிங்கப்பூர் தாவரப் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, கித்தா மரம் நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். காப்பி விலை நன்றாக இருந்த காலம், கேட்பாரில்லை. கேட்டவர் மலாக்காவின் டான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு விரிந்தது. மலாயாவில் வணிக முறையில் கித்தா வளர்ந்த கதையின் முதல் அத்தியாயம் இது. அதே காலத்தில்தான் உலகத்துக்கு டயர் தேவைப்படத் தொடங்கியிருந்தது. டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தது 1888-இல். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் ஜாசின், மெர்லிமாவ், அசஹான் பக்கத்து லயங்களில் குடியேறி, விடியலுக்கு முன் பிரட்டுக்குப் போய், மங்கு துடைத்து, பால் வெட்டி, ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்று அந்தத் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது, பேரப்பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள்.

இங்கே ஒரு சங்கடமான உண்மையையும் சொல்ல வேண்டும். இன்றைய ஸ்போர்ட் டூரிங் டயரில் சாலையைத் தொடும் மேல்தோல் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை ரப்பர். பால்மரத்து ரப்பர் அதிகம் இருப்பது உள்ளே, உடலில். ஏன் இப்படி? தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பிள்ளைகள் ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்வார்கள் அல்லவா? தரையில் அடித்தால் ஆள் உயரத்துக்குத் துள்ளும். வாங்கிய வேகத்தை அப்படியே திருப்பிக் கொடுப்பதுதான் இயற்கை ரப்பரின் குணம். அதனால் அது சூடேறுவது குறைவு, கிழிபடுவதும் குறைவு. பார வண்டி டயருக்கு அருமையான குணம். ஆனால் பிடிப்புக்குத் தேவை இதற்கு நேர் எதிரானது. சாலையின் சிறு கற்கள் ரப்பரை அழுத்தும்போது அது நெளிய வேண்டும்; நெளிந்தது உடனே துள்ளித் திரும்பாமல் சற்றுச் சோம்பலாகத் திரும்ப வேண்டும். அந்தச் சோம்பல்தான் வண்டி வழுக்காமல் பிடித்து நிறுத்தும் விசை. காய்ந்த சாலையில் ரப்பர் கல்லோடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும் விசையும் சேரும். மழை பெய்தால் நடுவே தண்ணீர்ப் படலம் வந்து அந்த ஒட்டலைக் கெடுத்துவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் நெளிவால் வரும் பிடிப்புதான்.

நெளிகிற ரப்பர் தேயும். தேயாத ரப்பர் நெளியாது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக டயர்ப் பொறியியல் மல்லுக்கட்டுவது இந்த ஒரே முடிச்சோடுதான். ஆரம்ப கால டயர்கள் கறுப்பே இல்லை, வெளிறிய நிறம். 1910-களில் கரித்தூள் கலந்தபோது தேய்மானம் பெரிதும் குறைந்தது, டயரும் கறுத்தது. அடுத்த பெரிய பாய்ச்சல் சிலிக்கா. 1992-இல் மிச்செலின் நிறுவனம் கார் டயரில் சிலிக்காவைப் பெருமளவில் கலந்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. சக்கரம் சாதாரணமாக உருளும்போது கலவை குறைவாகவே சக்தியை விழுங்கும். பிரேக் அடித்து ரப்பர் சாலையில் நுண்ணிய அளவில் அதிரும்போது அதிகம் விழுங்கும். ஈரத்தில் பிடிப்பும் வேண்டும், ஆயுளும் வேண்டும் என்ற ஆசைக்கு முதல் முறையாக வழி கிடைத்தது. பின்னர் மோட்டார் சைக்கிள் டயருக்கும் அது வந்தது.

நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று

முடிச்சை அவிழ்க்க இன்னொரு வழியும் உண்டு: ஒரே டயரில் இரண்டு ரப்பர். நேராக ஓடும்போது சாலையைத் தொடும் நடுப்பகுதிக்குக் கடினமான கலவை, சாயும்போது தொடும் ஓரங்களுக்கு மென்மையான கலவை. 2007-இல் வந்த மிச்செலின் பைலட் ரோட் 2 இந்த முறையை ஸ்போர்ட் டூரிங் வகையில் பிரபலமாக்கியது. மெட்சலர் வேறு வழியில் போனது. கலவை ஒன்றே, ஆனால் உள்ளே சுற்றியிருக்கும் எஃகு இழையின் இறுக்கத்தை நடுவிலும் ஓரத்திலும் மாற்றி, ஒரே ரப்பரை இரண்டு விதமாக நடந்துகொள்ள வைத்தது. இன்று டன்லப் ரோட்ஸ்மார்ட், பிரிட்ஜ்ஸ்டோன் டி வரிசை, பிரெல்லி ஏஞ்சல் ஜிடி, கான்டினென்டல் ரோட் அட்டாக் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி வழி இருக்கிறது.

பிரெல்லியின் பழைய ஏஞ்சல் எஸ்டி டயரில் ஒரு வேடிக்கை இருந்தது. 2009-இல் வந்தது. புதிதாக இருக்கும்போது முன் டயரின் பூவில் ஒரு தேவதை உருவம் தெரியும். சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தேய்ந்ததும் அதே இடத்தில் ஒரு பேய் முகம் தெரியும். நன்றாக ஓட்டிப் பழகிவிட்டீர்கள், இனி வேட்டைதான் என்பது விளம்பரக்காரர்களின் கற்பனை. ஆனால் தேய்மானத்தைக் கண்ணால் பார்க்க வைத்த டயர் என்ற வகையில் அதற்கு ஒரு சலாம் போடலாம்.

இவற்றை ஒப்பிட்டுச் சொல்லும் இதழ்கள் வெளிநாட்டில் உண்டு. ஜெர்மனியின் 'மோட்டோராட்' இதழ் ஒரே மாதிரி வண்டிகளை ஒரே சாலையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டித் தேய்மானத்தை அளக்கிறது, ஈரத் திடலில் பிரேக் தூரத்தையும் அளக்கிறது. நம்மூர் இளைஞர்கள் அந்த மதிப்பெண் பட்டியலைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வருகிறார்கள். தவறில்லை. ஆனால் அந்தப் பட்டியலை உம்பாய்க்குக் கொண்டுவரும்போது பாதியைக் கழித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும்.

டயர் எவ்வளவு விரைவில் சூடேறிப் பிடிப்புக்கு வருகிறது என்பதற்கு ஐரோப்பியர் தனி மதிப்பெண் கொடுக்கிறார்கள். காலையில் ஐந்து பாகை குளிரில் கிளம்புகிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. மலாக்காவில் விடியற்காலையில்கூட இருபதுக்கு மேல்தான். அந்த மதிப்பெண் நமக்கு ஏறக்குறைய தேவையில்லை. மாறாக, நண்பகலில் நம் தார்ச்சாலை ஐம்பது பாகையைத் தாண்டிக் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் ஐரோப்பாவின் தேய்மானக் கணக்கு நமக்குச் சரிவராது. அங்கே பன்னிரண்டாயிரம் ஓடியது இங்கே அவ்வளவு ஓடாமல் போகலாம். மூன்றாவது, அவர்களின் வளைவு மதிப்பெண். ஆல்ப்ஸ் மலைச்சாலையில் சாய்ந்து சாய்ந்து ஓட்டுகிறவர்கள் ஓரங்களையும் சேர்த்துத் தேய்க்கிறார்கள். நம்மவர் பிளஸ் நெடுஞ்சாலையில் ஆயர் குரோவிலிருந்து கோலாலம்பூர் வரை நேராகப் போகிறார். மோட்டார் சைக்கிளுக்குச் சாவடிக் கட்டணமும் கிடையாது, போகலாம். ஆனால் தேய்வது நடுப்பகுதி மட்டும். காசு கொடுத்து வாங்கிய மென்மையான ஓரங்கள் கடைசிவரை சாலையையே பார்க்காமல் குப்பைக்குப் போகின்றன.

நடு மட்டும் தேய்ந்தால் வெறும் நட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. உருண்டையாக இருக்க வேண்டிய டயர் தட்டையாகிவிடுகிறது. தட்டைக்கும் ஓரத்துக்கும் நடுவே ஒரு விளிம்பு உண்டாகிறது. நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வட்டச் சாலையில் சாய்க்கும்போது வண்டி முதலில் அடம் பிடிக்கும், பிறகு அந்த விளிம்பைத் தாண்டியதும் திடீரென்று விழுவது போல் சாயும். பூ இன்னும் இருக்கிறதே என்று ஓட்டுகிறவர் சொல்வார். பூ இருக்கிறது, உருவம் போய்விட்டது.

பட்டியலில் நமக்கு உதவுவது ஈர மதிப்பெண். அதிலும் ஒரு குறை. பெரும்பாலான ஈரச் சோதனைகள் புது டயரில் நடப்பவை. கடைக்காரர் காட்டும் டயரும் புதியதே. வீட்டுக்கு வரும் டயரோ ஒரே வாரத்தில் பழையதாகத் தொடங்கிவிடுகிறது.

உம்பாய் மழை

மலாக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை. அது நாள் முழுதும் தூறும் மழையல்ல. மாலை நாலு மணிக்கு வானம் கறுத்து, அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் மழை. ஷிப்ட் முடிந்து திரும்பும் நேரமும் அதுதான். பத்து நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் மழையின் முதல் பத்து நிமிடம்தான் மிக மோசம். சாலையில் படிந்த தூசியும் எண்ணெயும் தண்ணீரோடு குழைந்து சவர்க்காரம் போலாகிவிடும். கடலோரச் சாலையில் இன்னும் சில உண்டு. செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரி தோட்டத்து மண்சாலையிலிருந்து ஏறும் இடத்தில் சேறு, வெள்ளைக் கோடுகள், பாலத்து இரும்புப் பட்டைகள், மீன் கடை வாசலில் தேங்கிய தண்ணீர். பழைய சாலையை விட்டு ஏஎம்ஜே நெடுஞ்சாலையில் போகிறவருக்கு வேகம் வேறு கூடிவிடும்.

இரண்டு டயரும் சேர்ந்து சாலையைத் தொடுவது இரண்டு உள்ளங்கை அளவு இடத்தில்தான். மழையில் அந்த உள்ளங்கைக்குக் கீழிருக்கும் தண்ணீர் வெளியேற வேண்டும். வெளியேற்றும் வேலை பூவுக்கு. புதிய பின் டயரில் பள்ளத்தின் ஆழம் ஆறு, ஏழு மில்லிமீட்டர் இருக்கும். அது மூன்றாகி இரண்டானால் தண்ணீர் போக இடம் குறைகிறது. ரப்பரும் சும்மா இருப்பதில்லை. பல நூறு முறை சூடாகி ஆறி, வெயிலில் காய்ந்து, முன்பிருந்த நெளிவை இழக்கிறது. ஆக, ஆழம் குறைவு, நெளிவு குறைவு, உருவமும் தட்டை. மூன்றும் ஒன்றாகச் சேர்வது டயரின் கடைசிக் காலத்தில்.

டயர் நிறுவனங்களுக்கு இது தெரியாமல் இல்லை. மிச்செலின் 2011-இல் பைலட் ரோட் 3-இல் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய பிளவுகளைக் கொண்டுவந்தது. 2018-இல் வந்த ரோட் 5-இல் அந்தப் பிளவுகள் மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் இருந்தன. டயர் தேயத் தேய வாய் அகலும். அதைச் செய்யும் அச்சுக்கு உலோக முப்பரிமாண அச்சு முறை தேவைப்பட்டது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய ரோட் 5, தனக்கு முந்திய பைலட் ரோட் 4 புதிதாக இருக்கும்போது நிற்கும் தூரத்தில் ஈரச் சாலையில் நிற்கும் என்று நிறுவனம் சொன்னது. விற்கிறவரின் பேச்சை விற்கிறவரின் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது அவர்கள் எதைப் பற்றிப் பெருமை பேசினார்கள் என்பதை. தேய்ந்த டயர் மழையில் எப்படி நிற்கிறது என்பதைப் பற்றி. 2021-இல் வந்த பிரிட்ஜ்ஸ்டோன் டி32-இல் பள்ளத்தின் அகலத்தைக் கூட்டிக் குறைத்துத் தண்ணீரை விரைவாகத் தள்ள முயன்றதும் இதே ஈரச் சாலைக்காகத்தான். டயர் செய்கிறவர்கள் மழையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். வாங்குகிறவர்கள் இன்னும் கிலோமீட்டரை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

நூறு வெள்ளிக் கணக்கு

இனி காசுக் கணக்கு. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவரிடம் காசை விட்டுவிட்டுப் பாதுகாப்பு பேசினால் அது உபதேசமாகிவிடும்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பின் டயர் விலை 600 வெள்ளி, ஆயுள் 12,000 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 5 காசு. புதிதில் ஆழம் 7 மில்லிமீட்டர். பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு இருக்கும். டயரின் பக்கவாட்டில் அதற்கு நேராக ஒரு அடையாளம் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் டயர் முடிந்தது. அப்போது மிச்சம் சுமார் 1 மில்லிமீட்டர். ஆக, பயன்படுவது 6 மில்லிமீட்டர். ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். மேடு தெரியும் வரை காத்திராமல் 2 மில்லிமீட்டரிலேயே மாற்றினால் இழப்பது கடைசி 2,000 கிலோமீட்டர். அதன் விலை 100 வெள்ளி.

அந்த நூறு வெள்ளியை மிச்சப்படுத்தத்தான் பலர் மழைக்காலத்தில் வழுக்கை டயரோடு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். உம்பாயில் நாலு பேர் உட்கார்ந்து மீனும் நண்டும் சாப்பிட்டு எழுந்தால் அந்தக் காசு போய்விடும். போலீஸ்காரரோ ஜேபிஜே அதிகாரியோ பிடித்தால் சம்மன் வேறு. கீழே விழுந்தால் ஆகும் செலவை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இரண்டு டயர்களை ஒப்பிடும்போதும் இதே கணக்குத்தான். ஒன்று 600 வெள்ளி, 12,000 ஓடும். மற்றது ஈரத்தில் நன்றாக நிற்கும், ஆனால் 750 வெள்ளி, 10,000தான் ஓடும். கிலோமீட்டருக்கு 5 காசு, ஏழரைக் காசு. ஆண்டுக்கு 12,000 ஓடுகிறவருக்கு வித்தியாசம் 300 வெள்ளி, மாதத்துக்கு 25. பின்னால் மனைவியை உட்கார்த்தி ஓட்டுகிறவர் இந்த 25 வெள்ளியைப் பற்றி வீட்டில் பேசிப் பார்க்கலாம். வேண்டாம் என்று சொல்லும் மனைவி இருப்பாரா என்பது சந்தேகம்.

மலேசியாவில் 2022-லும் சரி, 2023-லும் சரி, சாலையில் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஆண்டுதோறும் இப்படி இறப்பவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இவை எல்லாம் டயரால் நேர்ந்தவை என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. வேகம், களைப்பு, எதிரே வரும் லாரி, இருட்டு என்று காரணம் பல. 2025 முதல் 150 சிசி தொடங்கிப் புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயமாக்கப்பட்டதும் நல்ல முடிவே. ஆனால் ஏபிஎஸ் பிடிப்பைப் புதிதாக உண்டாக்குவதில்லை. இருக்கும் பிடிப்பை வீணாக்காமல் பார்த்துக்கொள்கிறது. டயரில் பிடிப்பே இல்லையென்றால் அதுவும் கைவிரிக்கும்.

அளந்து பார்த்தால்

அடுத்தவர் சொல்லும் கிலோமீட்டரை நம்பாமல் தானே அளப்பது சிரமமில்லை. பள்ளத்தின் ஆழம் அளக்கும் சிறு கருவி சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை நடுவில் ஒரு அளவு, இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைத்தால் நாலாவது மாதம் அந்த டயரின் சாதகமே கையில் இருக்கும். இரண்டு நண்பர்கள் ஒரே மாதிரி வண்டியில் வெவ்வேறு டயர் போட்டு, ஒரே சாலையில், ஒரே சுமையோடு ஓட்டி எழுதினால் அது வெளிநாட்டு இதழின் பட்டியலை விட இந்த ஊருக்குப் பொருந்தும் ஒப்பீடு. ஒருவர் தனியாகவும் மற்றவர் மனைவி, குழந்தையோடும் ஓட்டிவிட்டு டயரைக் குறை சொன்னால் அந்தக் கணக்கு செல்லாது.

அளப்பதற்கு முன் காற்றைச் சரி பார்க்க வேண்டும். காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று ஒரு நம்பிக்கை இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. பந்தயத் திடலிலிருந்து வந்த நம்பிக்கை அது. அங்கே சில சுற்று ஓடிவிட்டு இறங்குகிறார்கள். பெரிய வண்டிகளுக்குப் பொதுவாக முன்னால் 36, பின்னால் 42 என்ற அளவில் உற்பத்தியாளர் சொல்லியிருப்பார். வண்டியின் கையேட்டிலும் ஒட்டுத்தாளிலும் எழுதியிருக்கும். அதை 30-க்கு இறக்கிவிட்டு நெடுஞ்சாலையில் போனால் டயர் நெளிந்து நெளிந்து அளவுக்கு மேல் சூடாகும், சீக்கிரம் தேயும். மழையில் இன்னும் கேடு. காற்று குறைந்த டயரின் பள்ளங்கள் வாய் மூடிக்கொள்ளும், தண்ணீர் வெளியேறாது. பிடிப்புக்காகக் காற்றைக் குறைத்தவர் இரண்டையும் இழக்கிறார். காலையில் டயர் சூடாகும் முன் அளக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டுச் செய்தி ஒன்று இங்கே பொருந்தும். சென்னைத் திருவொற்றியூரில் 1946-இல் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய பட்டறைதான் எம்ஆர்எஃப் ஆயிற்று. மதுரையை ஊராகக் கொண்ட டிவிஎஸ் ஸ்ரீசக்ரா 2019-இல் யூரோகிரிப் என்ற பெயரை அறிமுகப்படுத்தியது. 2020-களில் ரோட்ஹவுண்ட் என்ற ஸ்போர்ட் டூரிங் ரேடியலோடு ஐரோப்பியச் சந்தைக்கே போனது. மதுரைக்காரர் டயர் என்பதற்காக வாங்க வேண்டியதில்லை. மற்ற டயர்களைப் போலவே அதையும் மழையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முடிக்கும் முன் பழைய டயர் வியாபாரம் பற்றி ஒரு வார்த்தை. புது ஜோடிக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுக்க முடியாதவர் பெரிய வண்டியிலிருந்து கழற்றிய டயரை நூறு, நூற்றைம்பதுக்கு வாங்குகிறார். "எழுபது விழுக்காடு பூ இருக்கு அண்ணே" என்று விற்கிறவர் சொல்வார். பூ இருக்கலாம். வயது? டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் பிறந்தது. ஒரு வண்டி வீட்டு வாசலில் வெயிலில் கிடந்தே நாலு வருடம் கழித்திருக்கலாம். பூ அப்படியே இருக்கும், ரப்பர் கட்டையாகியிருக்கும். விரல் நகத்தால் அழுத்தினால் பதியாது. பள்ளத்தின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியும். அந்த நான்கு எண்களைச் சுரண்டி எடுத்திருந்தால் விலை கேட்காமலே நடையைக் கட்டலாம். நடுப்பகுதியில் ஆணி குத்தி ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்னால் ஒரு நிறுவனம், பின்னால் ஒரு நிறுவனம் என்று கிடைத்ததை மாட்டினால் இரண்டும் மழையில் வெவ்வேறு நேரத்தில் வழுக்கும். எது முதலில் வழுக்கும் என்பது செர்க்காம் வளைவுக்குப் போன பிறகுதான் தெரியும்.